பெயர்க் காரணம்: ஒரு மறுப்பு

தமிழில் எழுதுகிறவனுக்கு நாற்பது வயது தாண்டினால் இரண்டு வியாதிகள் வருகின்றன. ஒன்று, சுயசரிதை. மற்றது, சொந்த ஊரின் பெயர்க் காரணம். முதலாவதைப் பற்றி இங்கே பேச்சில்லை. இரண்டாவது சாதுவானது, யாருக்கும் தீங்கு செய்யாதது என்று நம்மிடையே ஒரு எண்ணம் இருக்கிறது. அந்த எண்ணத்தை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன்.

பெயர்க் காரணம் எழுதுகிறவனின் வேலை முறை எளிது. ஊர்ப் பெயரை எடுக்கிறான், இரண்டாக வெட்டுகிறான், இரண்டு துண்டையும் அகராதியில் போட்டுப் பார்க்கிறான். கிடைக்கிற அர்த்தங்களில் எது அழகாக இருக்கிறதோ அது அவன் ஊரின் அர்த்தமாகிவிடுகிறது. தரங்கம்பாடியை எடுத்துக்கொள்ளுங்கள். தரங்கம் என்றால் அலை. பாடி என்றால் பாடுவது. ஆகவே பாடும் அலைகளின் ஊர். சுற்றுலாக் கையேடுகள் இதை விடாமல் ஒப்புவிக்கின்றன. நம் கவிஞர்களும் கூடவே ஒப்புவிக்கிறார்கள். தமிழில் பாடி என்பது குடியிருப்பு. ஆயர்பாடியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள் என்பதால் அதற்கு அந்தப் பெயர் வரவில்லை. 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பாண்டியர் கல்வெட்டில் இந்த ஊரே சடங்கன்பாடி என்று இருக்கிறது. 1620இல் தஞ்சை நாயக்கரிடம் ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு கோட்டை கட்டிய டேனிஷ்காரர்கள் வாயில் அது டிராங்கிபார் ஆயிற்று. சடங்கன் போய்த் தரங்கம் வந்தது. பாடி மட்டும் பாடியாகவே இருந்தது. அதைப் பாட வைத்தவர்கள் பின்னால் வந்த ரசிகர்கள்.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்கலாம். அழகான தவறு, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று சொல்லலாம். ஆனால் அதே பாடி இன்னொரு இடத்திலும் வருகிறது. சேக்கிழார் நந்தனாரைக் காட்டுகிற இடம் ஆதனூர்க்குப் புறத்தே இருந்த புலைப்பாடி. இந்தப் பாடி பாடுவதாக எந்த ரசிகனும் எழுதவில்லை. இங்கே மட்டும் பாடி என்றால் குடியிருப்பு என்று எல்லோருக்கும் சட்டென்று ஞாபகம் வந்துவிடுகிறது. ஒரே சொல்லுக்கு ஒரு இடத்தில் சங்கீதமும் இன்னொரு இடத்தில் வெறும் குடிசையும் எப்படிக் கிடைக்கின்றன? அகராதி இதற்குப் பதில் சொல்லாது. சொல்லைப் பார்க்கிறவன் யார் பக்கம் நின்று பார்க்கிறான் என்பதுதான் பதில். பெயர்க் காரணம் என்ற இந்தச் சாதுவான பொழுதுபோக்கு சொல்ல மறுப்பதும் இதைத்தான்.

இந்த மறுப்பு மூன்று ரூபங்களில் நடமாடுகிறது. முதலாவது, ஸ்தலபுராண ரூபம். தேவாரத்தில் முதுகுன்று என்று இருந்த ஊர் விருத்தாசலம் ஆயிற்று. குடமூக்கு கும்பகோணம் ஆயிற்று. மயிலாடுதுறை மயூரமாகி, மாயூரமாகி, மாயவரமாகவும் ஆகி, 1982இல்தான் அரசாணையின் தயவில் பழைய பெயருக்குத் திரும்பியது. ஆற்காடு என்ற பெயரில் ஆர் என்பது ஆத்தி மரம் என்று சொல்ல இடமிருக்கிறது. புராணிகர் காதில் அது ஆறு என்று விழுந்தது. உடனே ஆறு காடுகள், ஷடாரண்யம், ஆறு ரிஷிகள் எல்லோரும் வந்து இறங்கிவிட்டார்கள். மொழிபெயர்ப்பு என்று ஆரம்பித்து உரிமைப் பத்திரமாக முடிகிற காரியம் இது. பெயர் யார் மொழியில் இருக்கிறதோ அவன் கதை ஊரின் கதையாகிவிடும். கதை யாருடையதோ அவனுக்குத்தான் முதல் மரியாதை.

இரண்டாவது, இதற்கு எதிராகக் கிளம்பிய தனித்தமிழ் ரூபம். இதற்கு நியாயமான கோபம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. ரா. பி. சேதுப்பிள்ளை 1946இல் வெளியிட்ட ‘தமிழகம் ஊரும் பேரும்’ இல்லாவிட்டால் இன்று இதைப் பேசுவதற்கான சொற்களே பலரிடம் இருக்காது. ஊர்ப் பெயர்களை நிலம், குடி, கோ, தேவு என்று வகைபிரித்துப் பார்க்க அவர் சொல்லிக்கொடுத்தார். ஆனால் அவருக்குப் பின்னால் வந்தவர்களிடம் அவருடைய உழைப்பு இல்லை, எதுகை மோனை மட்டும் தங்கியிருக்கிறது. புராணிகர் எல்லாப் பெயருக்கும் அடியில் ஒரு ரிஷியை வைத்தார். இவர்கள் எல்லாப் பெயருக்கும் அடியில் ஒரு வேர்ச்சொல்லை வைக்கிறார்கள். ரிஷிக்கும் வேர்ச்சொல்லுக்கும் ஒரு ஒற்றுமை: இரண்டும் வரி கட்டியதில்லை, அடி வாங்கியதில்லை, தண்ணீருக்குக் காத்து நின்றதில்லை.

சென்னை விஷயம் நல்ல உதாரணம். 1996இல் மதராஸ் போய் சென்னை வந்தபோது அந்நியப் பெயர் ஒழிந்தது, தமிழ்ப் பெயர் மீண்டது என்று கொண்டாடினோம். ஆங்கிலேயர்கள் 1639இல் வந்து நிலம் கேட்டபோது மதராஸ்பட்டினம் என்ற பெயர் ஏற்கனவே அங்கே இருந்தது. சென்னப்பட்டினம் என்பது நிலத்தைக் கொடுத்த தாமர்ல வெங்கடப்ப நாயக்கரின் தகப்பனார் சென்னப்ப நாயக்கர் பெயரால் வந்தது என்பது பரவலாக ஏற்கப்பட்ட சரித்திரம். கொடுத்தவன் தன் அப்பன் பெயரை வைத்தான். வாங்கியவன் கோட்டை கட்டினான். மீன் பிடித்துக்கொண்டு அங்கே இருந்தவனை ஒருவரும் கேட்கவில்லை. 1996இலும் கேட்கவில்லை. எந்தப் பெயர் தமிழ் என்ற சச்சரவில் அவன் கணக்கிலேயே வருவதில்லை.

மூன்றாவது ரூபம் நம்முடையது. புராணிகரையும் புலவரையும் கேலி செய்துகொண்டு சிறுபத்திரிகை நடத்துகிற நவீன எழுத்தாளனுடையது. இவனுக்கு வரலாறு வேண்டாம், ‘படிமம்’ வேண்டும். ஊர்ப் பெயரை ஊதுவத்திபோல் கொளுத்திக் கவிதைக்குள் செருகிவிட்டால் மண்ணின் வாசனை வந்துவிடும் என்பது இவன் நம்பிக்கை. இவனுக்கு மிகவும் பிடித்த ஊர் சிதம்பரம். சித், அம்பரம்: பிரக்ஞையின் ஆகாசம். எத்தனை கவிதைகள், எத்தனை தலையங்கங்கள் இந்த ஒரு பிரித்தலை வைத்துப் பிழைத்திருக்கின்றன! சிற்றம்பலம் என்ற எளிய சொல்லிலிருந்து வந்த பெயர் அது என்பது இவனுக்குத் தெரியாமல் இல்லை. அதற்கும் முந்திய பெயர் தில்லை. தில்லை ஒரு மரம். உப்பங்கழியில் வளர்வது, பிச்சாவரத்துச் சதுப்பில் இன்றும் நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்று அங்கே படகு தள்ளுகிறவர்களுக்குத் தெரியும். கண்ணைக் கெடுக்கிற மரத்திலிருந்து கூரை போட்ட அம்பலத்துக்கும், அம்பலத்திலிருந்து பிரக்ஞையின் ஆகாசத்துக்கும் அந்தப் பெயர் ஏறிப் போயிருக்கிறது. ஒவ்வொரு படியிலும் மரமும் சேறும் அவற்றில் வேலை செய்த கைகளும் கீழே நின்றுவிட்டன. புலைப்பாடிக்காரன் அந்த ஆகாசத்தைப் பார்க்க நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது என்பதைப் பெரிய புராணமே பதிவு செய்கிறது. நம் கவிஞர்கள் அதையும் ஒரு படிமமாக மாற்றிக்கொண்டார்கள்.

இப்போது சேரிக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையே அதற்காகத்தான்.

சேரி என்றால் பலர் சேர்ந்து வாழும் இடம், அதில் இழிவு ஒன்றும் இல்லை, பிற்காலத்தில்தான் அர்த்தம் கெட்டுவிட்டது என்று ஒரு விளக்கம் எல்லா மேடைகளிலும் கிடைக்கிறது. பாதி உண்மை என்பதால் இது ஆபத்தானது. பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது, குடவோலை முறைக்காக நாம் பெருமைப்பட்டுக்கொள்கிற அதே கல்வெட்டு, முப்பது குடும்புகளையும் பன்னிரண்டு சேரிகளையும் சொல்கிறது. அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். அங்கே சேரி என்பது சபை உறுப்பினர்கள் குடியிருந்த பகுதி. ஆக, சொல்லில் இழிவு இல்லை. சரி. அதற்குப் பிறகு நூறு வருஷம்கூட ஆகவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகள், கோயிலுக்கு விட்ட ஊர்களில் எந்தெந்த நிலத்துக்கு வரி கிடையாது என்று பட்டியல் போடுகின்றன. ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு என்று வரும் வரிசையில் பறைச்சேரி வருகிறது, கம்மாணச்சேரி வருகிறது, தீண்டாச்சேரி என்றே ஒரு சொல் வருகிறது.

இதை நிதானமாகப் படிக்க வேண்டும். அர்த்தம் ‘பிற்காலத்தில்’ கெடவில்லை. கல்வெட்டுக் காலத்திலேயே ஒரு சேரியில் உட்கார்ந்து ஓலை எடுத்தார்கள். இன்னொரு சேரியைத் தொட மாட்டார்கள். சொல் ஒன்றுதான். வேர் ஒன்றுதான். முன்னொட்டு ஒன்றைச் செதுக்கினால் போதும், உளிக்காரனுக்கு வேலை முடிந்தது. பிறகு காலப்போக்கில் முன்னொட்டும் தேவைப்படவில்லை. சதுர்வேதிமங்கலத்துச் சேரிகள் அக்ரகாரம் என்றும் தெரு என்றும் பெயர் மாற்றிக்கொண்டு கௌரவமாக வெளியேறின. வெளியேற முடியாதவர்களிடம் சேரி என்ற சொல் மிஞ்சியது. புதுச்சேரியிலும் வேளச்சேரியிலும் இருக்கிற சேரி யாருக்கும் உறுத்தவில்லை, ஏனென்றால் அங்கே யார் வேண்டுமானாலும் வீடு வாங்கலாம்.

சொல்லின் பொருள் வேரில் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் அடுத்த கதையையும் கேட்கட்டும். சேரி என்ற சொல் இழிவு என்று உணரப்பட்டபோது அரசாங்கம் ஒரு புதுச் சொல் கொண்டுவந்தது: காலனி. லத்தீன் மூலமுள்ள சொல். உழுகிறவனைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து வந்தது. ரோமானியர் குடியேறிய ஊர்களுக்கு வழங்கியது. ஜெர்மனியின் கொலோன் நகரம் இன்றும் அதே சொல்லைப் பெயராக வைத்துக்கொண்டு தன் தேவாலயத்தைக் காட்டிக் காசு சம்பாதிக்கிறது. பெயர்க் காரணப் பிரியர்கள் மகிழ வேண்டிய இடம்: உழுகிறவனுக்கு, அதுவும் பெரும்பாலும் நிலம் இல்லாமல் உழுகிறவனுக்கு, உழுகிறவன் என்ற வேருள்ள பெயர். ஆனால் என்ன நடந்தது? ஒரு தலைமுறைக்குள் ‘காலனிக்காரன்’ வசைச்சொல் ஆகிவிட்டது. அதே காலத்தில் அதே மாநிலத்தில் ரயில்வே காலனி இருந்தது, டீச்சர்ஸ் காலனி இருந்தது. டீச்சர்ஸ் காலனியில் வீடு என்றால் பெண் கொடுக்க வருகிறார்கள். வெறும் காலனி என்றால் டம்ளரைத் தனியாக வைக்கிறார்கள். லத்தீன் மொழி இதற்குப் பொறுப்பேற்க முடியாது.

நான் வளர்ந்த ஊரில் ஒரே தெருவுக்கு மூன்று பெயர் மாறியதைப் பார்த்திருக்கிறேன். முதலில் சேரி. பிறகு ஹரிஜன காலனி என்று மஞ்சள் பலகை. அப்புறம் ஒரு தலைவர் பெயரில் நகர். மூன்று பெயருக்கும் பஸ் ஊர்ப்பக்கத்திலேயே நின்றது. மூன்று பெயருக்கும் சுடுகாட்டுப் பாதை வாய்க்காலுக்குள் இறங்கியே போனது. பெயர் மாற்றத்தை உடனே கற்றுக்கொண்டவர்கள் தபால்காரரும் ஊர்க்காரர்களும். நகர் என்ற சொல்லை அவர்கள் உச்சரிக்கிற விதத்திலேயே எந்த நகர் என்பது புரிந்துவிடும்.

இது தெருப் பெயரோடு நிற்கிற விஷயம் இல்லை. தமிழனுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, வெறும் தகப்பன் பெயரின் முதல் எழுத்துத்தான் என்று நாம் வடக்கத்தி நண்பர்களிடம் பெருமை பேசுகிறோம். பெருமைக்கு ஆதாரம் இருக்கிறது. 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விடும்படி தீர்மானம் போட்டது. வேறெந்த மாநிலத்திலும் இவ்வளவு பெரிய அளவில் இது நடக்கவில்லை. பெயரைக் கேட்டவுடன் சாதி தெரிகிற வசதி போயிற்று. ஆனால் வசதி போனதே தவிரத் தேவை போகவில்லை. பட்டம் இருந்த இடத்தில் ஊர் வந்து உட்கார்ந்துகொண்டது. இன்று எந்த அறிமுகத்திலும் இரண்டாவது கேள்வி ‘எந்த ஊர்?’ மூன்றாவது, குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு, ‘ஊரில் எந்தப் பக்கம்?’ வடக்கே குடும்பப் பெயர் செய்கிற வேலையை இங்கே இந்த மூன்றாவது கேள்வி செய்கிறது. இலக்கியக் கூட்டம் முடிந்து டீ குடிக்கிற இடத்திலும் இந்தக் கேள்வி கேட்கப்படுகிறது. கேட்டவர்களும் கேட்கப்பட்டவர்களும் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே ஊர்ப் பெயரைப் பற்றிய எழுத்து தமிழில் அப்பாவித்தனமாக இருக்க முடியாது. நம்மில் பலர் ஊர்ப் பெயரைப் பேனாப் பெயரில் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் பலர் அதை முதல் எழுத்தாக்கி வைத்திருக்கிறோம். ராஜவல்லிபுரத்திலிருந்து வந்தவர் வல்லிக்கண்ணன் ஆனார். சின்னமனூர், சி. சு. செல்லப்பாவின் முதல் ‘சி’ ஆயிற்று. அழகான வழக்கம்தான். ஆனால் இந்த அழகு யாருக்குக் கிடைக்கிறது? ஊரைப் பெயரில் சூடிக்கொள்ள அந்த ஊர் முழுவதும் தன்னுடையது என்ற நினைப்பு வேண்டும். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தில் பிறந்தவன் எந்தப் பெயரைச் சூடிக்கொள்வான்? ஊர் என்ற சொல்லே அவனை விட்டுவிட்டுத்தான் சொல்லப்படுகிறது. ஊரும் சேரியும் என்று பிரித்துச் சொன்ன பாஷை நம்முடையது.

அரசாங்கம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1970களின் இறுதியில் தெருப் பெயர்களில் இருந்த சாதி ஒட்டுக்களை எடுக்க உத்தரவு வந்தது. தம்பு செட்டித் தெரு பலகையில் தம்பு தெரு ஆனது. ஜனங்கள் வாயில் செட்டி இன்னும் இருக்கிறார். 2020 ஜூனில் 1018 ஊர்களுக்கு ஆங்கில எழுத்துக் கூட்டலை மாற்றி ஆணை வந்து, கேலி தாங்காமல் சில நாட்களில் திரும்பப் போனது. உச்சரிப்பைச் சரிசெய்தால் சரித்திரம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடத் தூய்மையான உதாரணம் கிடைக்காது. 2025 ஏப்ரலில் காலனி என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டசபையில் அறிவித்தார். அதே வருஷம் அக்டோபரில் ஊர், தெரு, நீர்நிலைகளின் பெயர்களிலிருந்து சாதியை எடுக்க அரசாணை வந்தது.

இவற்றை நான் பரிகாசம் செய்வதாக நினைத்து யாராவது சந்தோஷப்பட்டால் அந்தச் சந்தோஷத்தை உடனே கெடுத்துவிட விரும்புகிறேன். பலகையை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் விலாசம் சொல்லக் கூசாதவர்கள். ஒரு பையன் வேலைக்கு மனுப்போடுகிறான்; விலாசம் என்ற கட்டத்தில் அவன் எழுதுகிற ஒரு சொல், அவன் வாங்கிய மதிப்பெண்களுக்கு முன்னால் போய் மேஜைமேல் உட்கார்ந்துகொள்கிறது. அவனுக்கு அந்தச் சொல் போக வேண்டும். போகட்டும். இன்றே போகட்டும். பெயர் மாறினால் எல்லாம் மாறாது என்று அவனுக்கு யாரும் உபதேசம் செய்ய வேண்டியதில்லை. மூன்று பெயர்களைப் பார்த்தவன் அவன்.

என் சண்டை வேறு. புதுப் பெயரை யார் வைக்கிறார்கள் என்பது ஒன்று. தாசில்தார் ஒரு பூவின் பெயரையோ ஒரு புலவர் பெயரையோ எடுத்துக் கொடுத்தால், சேரி என்றும் காலனி என்றும் மேலேயிருந்து வந்த அதே வழியில்தான் இதுவும் வருகிறது. அந்த விலாசத்தைச் சொல்லிக்கொண்டு வாழ வேண்டியவன் எவனோ அவன் வாயிலிருந்து பெயர் வர வேண்டும். அது அகராதிக்குப் பிடிக்காமல் இருக்கலாம், சந்தி பிழையாக இருக்கலாம், சினிமாப் பெயராக இருக்கலாம். ஜனங்கள் காதும் வாயும் செய்கிற காரியத்தைப் பண்டிதர்கள் மதிப்பதில்லை. சென்னையில் ஹாமில்டன் வாராவதி ஜனங்கள் வாயில் அம்பட்டன் வாராவதியாகி, அதை வெள்ளைக்காரன் திரும்ப மொழிபெயர்த்துப் பார்பர்ஸ் பிரிட்ஜ் ஆக்கிய கதையைச் சிரிப்பதற்காகச் சொல்லுகிறோம். பின்னாளில் அதற்கு அம்பேத்கர் பெயர் வைத்தார்கள். துரை பெயரிலிருந்து நாவிதர் பெயருக்கும், அதிலிருந்து அம்பேத்கருக்கும் அந்தப் பாலம் வந்து சேர்ந்த வழியில், எந்த ஸ்தலபுராணத்தையும்விட அதிகமான தமிழ்ச் சரித்திரம் இருக்கிறது. அதில் வேர்ச்சொல் தேடினால் ஒன்றும் அகப்படாது.

இரண்டாவது சண்டை நம்மோடு. பலகையிலிருந்து போகிற சொல் பதிவிலிருந்தும் போய்விடக் கூடாது. தீண்டாச்சேரி என்று செதுக்கியிருப்பதை யாரோ புண்ணியவான் நல்லெண்ணத்தோடு கொத்தி எடுத்திருந்தால், சோழர் காலம் பொற்காலம் என்பதற்கு மறுப்பாக நம் கையில் ஒரு சாட்சி குறைந்திருக்கும். கல் சாட்சியை வைத்துக்கொண்டது. காகிதம் வைத்துக்கொள்ளுமா? அரசாங்கத்துக்குப் பழைய பெயரை மறக்க வசதி இருக்கிறது. ஊருக்கு அதைப் புதுப்பெயருக்குள் ரகசியமாக வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அதை உரக்கச் சொல்லி எழுதி வைக்க வேண்டியவன் எழுத்தாளன். அந்த வேலையைத்தான் நாம் ‘பாடும் அலைகள்’ என்று எழுதித் தட்டிக்கழித்துக்கொண்டிருக்கிறோம்.

சொ. விருத்தாசலம் என்று ஒருவர் இருந்தார். அவர் பெயரைப் பிரித்து முதிய மலை என்று அர்த்தம் சொல்லி அவரைப் புரிந்துகொள்ள யாரும் முயலவில்லை. அவரே தனக்குப் புதுமைப்பித்தன் என்று பெயர் வைத்துக்கொண்டார். எழுதியதை வைத்து அந்தப் பெயருக்கு அர்த்தம் உண்டாக்கினார். ஒரு மனிதனுக்கு நாம் கொடுக்கிற இந்தக் குறைந்தபட்ச மரியாதையை ஊர்களுக்கும் கொடுக்கலாம். ஒரு பெயர் பிறந்த கதையோடு நிறுத்திக்கொள்ளாமல், அது யார் வாயில் எப்படி இருந்தது, எந்தக் கிணற்றடியில் எவனை நிறுத்திவைத்தது, எந்தக் கச்சேரியில் எவன் மனுவைத் திருப்பியனுப்பியது என்று எழுதலாம்.

இந்தப் பத்திரிகைக்கு ஊர்ப் பெயர்க் கட்டுரைகள் தொடர்ந்து வருகின்றன என்று அறிகிறேன். ஆசிரியருக்கு ஒரு யோசனை: ஊருக்கு எத்தனை பக்கம் உண்டோ அத்தனை பக்கத்துப் பெயரும் கட்டுரையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கத்துப் பெயர் மட்டும் இருந்தால், அர்த்தம் எவ்வளவு அழகாக இருந்தாலும், தபால் தலை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுங்கள்.